அம்மாவின் ஜெப அலமாரியை எப்படிக் காலி செய்வது?

சிங்கப்பூர் தோ பாயோவில் அம்மா இருந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை மூன்று வாரத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய ஜெப அலமாரியில் மூன்று சுரூபங்கள் (சிலைகள்) இருக்கின்றன. அதில் மாதா சுரூபத்துக்குக் கை உடைந்து, அம்மாவே பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார். கூடவே 17 ஜெபமாலைகள், வேளாங்கண்ணி எண்ணெய், லூர்து தீர்த்தப் போத்தல்கள், காய்ந்த குருத்தோலைகள், மூன்று பைபிள், நாள் முடிந்த மாதா படக் காலண்டர்கள், உள்ளே ஏதோ துணுக்கு தெரியும் சின்ன உலோகக் கூடு ஒன்று. இவற்றைக் குப்பைக் குழாயில் போடலாமா என்பது கேள்வி. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் தம்பி, எல்லாம் விக்கிரகம், உடைத்துப் போடு என்கிறார். சித்தி, தூக்கிப் போட்டால் சாமி குத்தம் ஆகிவிடும் என்கிறார். அலுவலகத் தோழியோ, நம் ஊரில் குப்பை எல்லாம் துவாஸ் எரி ஆலையில் எரிக்கத்தானே படுகிறது, கோயிலிலும் எரிக்கத்தான் போகிறார்கள், என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறார். கடைசியில் நீங்களே ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “நான் பூசைக்குப் போய்ப் பல வருஷமாகிறது, ஆனால் அந்த அலமாரியைத் தொடவே கை வரவில்லை.” அந்த வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. இந்தப் பொருள்களுக்குள் ஏதாவது இருக்கிறதா, இருந்தால் நான் செய்யும் தவறுக்கு அது என்னைத் தண்டிக்குமா, ஒன்றும் இல்லையென்றால் ஏன் என் கை நடுங்குகிறது. இதைத்தான் கேட்கிறீர்கள்.

நான் குருவானவர் அல்ல. இங்கே ஒரு பங்குக் கோயிலில் 22 வருஷமாகச் சக்ரீஸ்து வேலை பார்க்கிறேன். பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, பாத்திரம் துணிகளைப் பராமரிப்பது, ஜனங்கள் கொண்டுவந்து விடும் பழைய பக்திப் பொருள்களை ஒழுங்கு செய்வது எல்லாம் என் பொறுப்பு. நடுவில் இரண்டு வருஷம் மாலை வகுப்பில் இறையியல் படித்தேன். திருச்சபை சட்டமாகச் சொல்வது, எழுதப்படாமல் வழக்கமாக வருவது, என் சொந்தக் கருத்து என்று மூன்றும் இதில் கலந்து வரும். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன். உங்கள் பங்குச் சாமியார் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் பயத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. மந்திரித்த பொருளை, அதாவது குருவானவர் ஆசீர்வதித்த பொருளை, அகற்றினால் வீட்டுக்குக் கெடுதல் வரும் என்று கிறிஸ்தவப் போதனை எதுவும் கிடையாது. கத்தோலிக்கத்திலும் இல்லை, மற்றச் சபைகளிலும் இல்லை. சித்தி அநேகமாக ஊசாவின் கதையைச் சொல்லியிருப்பார். பத்துக் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி வண்டியில் போகும்போது மாடுகள் இடற, பெட்டி விழாமல் இருக்க ஊசா கையை நீட்டிப் பிடித்தான், அங்கேயே விழுந்து இறந்தான். சாமுவேலின் இரண்டாம் நூல் 6ஆம் அதிகாரம். கடினமான பகுதிதான், அதை நான் இலேசாக்கப் பார்க்கவில்லை. தாவீதே அன்று மனம் கசந்து, பயந்து போனான். ஆனால் அதே அதிகாரத்தில் அடுத்த வரிகளை நம் ஆட்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. பயந்துபோன தாவீது அந்தப் பெட்டியை ஓபேத்ஏதோம் என்பவன் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். மூன்று மாதம் அது ஒரு சாதாரணக் குடும்பத்தின் வீட்டில், அவர்கள் சமைத்துச் சாப்பிட்டுப் பிள்ளைகளை வளர்த்த இடத்தில் இருந்தது. ஆண்டவர் அந்த வீட்டாரை ஆசீர்வதித்தார் என்றுதான் எழுதியிருக்கிறது. உங்கள் அம்மாவின் அலமாரி எனக்கு அந்த மூன்று மாதத்தைத்தான் நினைவுபடுத்துகிறது. அதனால் பயப்படாமல் அலமாரியைத் திறங்கள்.

திறந்ததும் முதலில் ஒரு விஷயம் பாருங்கள். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். அம்மா கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பங்கிலிருந்து யாராவது வீட்டுக்கு வந்து நற்கருணை, அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பம், கொடுத்திருப்பார்கள். முடியாதவர்கள் சிலர் அப்பத்தை அப்போதே உண்ண முடியாமல், பிறகு சாப்பிடலாம் என்று கைக்குட்டையிலோ சின்னச் சிமிழிலோ மடித்து வைத்துவிடுவதை என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். தெரிந்து செய்யும் தவறு அல்ல அது. ஜெபப் புத்தகத்தின் நடுவில், தலையணை உறைக்குள், மாத்திரை டப்பாவில்கூடக் கண்டெடுத்திருக்கிறார்கள். வட்டமான வெள்ளை அப்பத் துண்டு ஏதாவது கண்ணில் பட்டால் சுத்தமான துணியில் வைத்து அன்றே சாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அது அர்ச்சிக்கப்பட்டதுதானா என்று உங்களால் சொல்ல முடியாது, அதனால் அர்ச்சிக்கப்பட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கத்தோலிக்க நம்பிக்கையில் நற்கருணை மற்றப் பக்திப் பொருள்களின் வரிசையில் வருவதே இல்லை. ஜெபமாலை கடவுளை நினைவூட்டுகிறது. நற்கருணை கிறிஸ்துவேதான் என்கிறது விசுவாசம். 4ஆம் நூற்றாண்டில் எருசலேம் ஆயராக இருந்த சிரில், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் பாடம் சொல்லும்போது, யாராவது உங்கள் கையில் பொன்துகளைக் கொடுத்தால் ஒரு துகள் சிந்தாமல் எவ்வளவு கவனமாகப் பிடிப்பீர்கள், இதை அதைவிடக் கவனமாகப் பிடிக்கவேண்டாமா என்று கேட்டார். இன்றைக்கும் சக்ரீஸ்தில், அதாவது பூசைப் பொருள்களை வைக்கும் அறையில், நாங்கள் வேலை செய்வது அந்தக் கேள்வியின் கீழேதான். திருக்கிண்ணத்தைத் துடைத்த துணியை நேராகச் சலவை இயந்திரத்தில் போடமாட்டோம். முதலில் தனிப் பாத்திரத்தில் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டு, அப்புறம்தான் மற்றத் துணிகளைப்போல் துவைப்போம். பல கோயில்களில் இதற்கென்றே ஒரு தொட்டி உண்டு. பார்க்கக் கை கழுவும் தொட்டி மாதிரிதான் இருக்கும், ஆனால் அதன் குழாய் சாக்கடைக்குப் போகாது, நேரே பூமிக்குள் இறங்கும். இந்தப் பழக்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகளும் சொல்கின்றன. என் கைகள் கற்றுக்கொண்ட முதல் பாடம் அந்தத் துணிகளிலிருந்துதான் வந்தது.

அடுத்து அந்த உலோகக் கூடு. அது அருளிக்கமாக இருக்கலாம், அதாவது ஒரு புனிதரின் உடல் துணுக்கோ, அவர் உடுத்திய துணியின் துண்டோ. பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு நூல் கட்டி, அதன்மேல் சிவப்பு மெழுகில் முத்திரை பதித்திருந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். முத்திரை உடைந்தால் அதன் நம்பகத்தன்மையும் போய்விடும். நேரே குருவானவரிடம் சேருங்கள். முத்திரை இல்லாமல், படத்தில் ஒட்டிய துணித் துண்டாக இருந்தால், அது பெரும்பாலும் அருளிக்கத்தைத் தொட்டு எடுத்த துணியாக இருக்கும். அதையும் மரியாதையாகக் கோயிலில் கொடுத்துவிடலாம். விற்கக்கூடாது என்பது இங்கே கருத்து அல்ல, சட்டம்: திருச்சபைச் சட்டம் 1190 அருளிக்கங்களை விற்பதை அறவே தடுக்கிறது. பழைய பொருள் விற்கும் செயலிகளில் இவை தலைகாட்டும்போது எனக்கு மனசு கொஞ்சம் வலிக்கும்.

மிச்சம் இருப்பதெல்லாம் மந்திரித்த பொருள்கள், மந்திரிக்காத பொருள்கள், மந்திரித்ததா என்று தெரியாதவை. இவற்றைப் பற்றிச் சட்டம் சுருக்கமாகப் பேசுகிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1171ஆம் விதி, வழிபாட்டுக்கென்று அர்ச்சிக்கப்பட்டதோ மந்திரிக்கப்பட்டதோ ஆன பொருள்களை மரியாதையோடு நடத்தவேண்டும், அவை தனி ஆளுக்குச் சொந்தமாக இருந்தாலும் தகாத காரியத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. அவ்வளவுதான். எரிக்கவேண்டும், புதைக்கவேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. எரிப்பதும் புதைப்பதும் நீண்ட வழக்கம், நல்ல வழக்கம், ஆனால் வழக்கம். அம்மாவின் பொருளை நீங்கள் சுத்தமான துணியில் சுற்றி ஒரு பெட்டியில் கோயிலில் கொடுத்தாலும் விதியை நிறைவேற்றியவர்தான்.

உடைந்த சுரூபத்தில் இன்னும் மந்திரிப்பு இருக்கிறதா என்று பலர் என்னிடம் கேட்பார்கள். 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்தொகுப்பு இதற்கு நேராகப் பதில் சொல்லியிருந்தது. கோயில் பாத்திரமும் உடையும் தன் பழைய உருவம் போய், எதற்காக ஆனதோ அதற்கு உதவாத அளவுக்குச் சிதைந்தால் மந்திரிப்பு நீங்கிவிடும். தகாத காரியத்துக்குப் பயன்படுத்தினாலும், பொது விற்பனைக்கு வைத்தாலும் நீங்கிவிடும். இன்றைய தொகுப்பில் அந்த விதி அப்படியே இல்லை. ஆனாலும் வீட்டுச் சுரூபங்களுக்கும் அதே கண்ணோட்டத்தைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். முகமும் உடலும் நொறுங்கிப்போன சுரூபம் சாந்துத் தூள்தான். கை மட்டும் உடைந்து ஒட்டிய சுரூபம் இன்னும் சுரூபம்தான்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். பொருளின் புனிதம் மின்கலத்தில் இருக்கும் மின்சாரம் மாதிரி உள்ளே அடைத்து வைத்த சக்தி அல்ல. ஒரு பொருளை அன்றாடத்திலிருந்து பிரித்து எடுத்து, இனி இது ஜெபத்துக்கு என்று கடவுளிடம் ஒப்படைக்கிறோம். அந்த ஒப்படைப்புதான் புனிதம். அதை முடித்துவைக்கும்போதும் ஒப்படைத்த மனதோடே முடிக்கவேண்டும். உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

இப்போது தம்பி. அவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள், அதில் வேதாகமத்தின் பலம் இருக்கிறது. மோசே வனாந்தரத்தில் வெண்கலப் பாம்பைச் செய்தது கடவுள் சொல்லித்தான். பல தலைமுறை கழித்து ஜனங்கள் அதற்குத் தூபம் காட்ட ஆரம்பித்தபோது எசேக்கியா ராஜா அதை உடைத்தார், வேதம் அவரைப் பாராட்டுகிறது. கடவுள் சொல்லிச் செய்த பொருளுக்கே அந்த கதி என்றால், நம் வீட்டுச் சுரூபம் எம்மாத்திரம்? பரிட்சைக்கு இந்தச் சுரூபம், வேலைக்கு அந்தச் சுரூபம் என்று சக்தி வாரியாகப் பிரித்துவைத்துப் பயந்து கும்பிடுகிற கத்தோலிக்கர்களை நானும் பார்த்திருக்கிறேன். அங்கே தம்பியின் எச்சரிக்கை தேவைதான்.

ஆனால் இந்த வழக்கு இன்று நேற்று வந்ததல்ல. 8ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிள் பேரரசர்கள் திருவுருவங்களை உடைக்க ஆணையிட்டபோது, தமஸ்கு நகரத்து யோவான் அதை எதிர்த்து எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இது: நான் ஜடப்பொருளை ஆராதிக்கவில்லை, எனக்காக ஜடப்பொருளாகவே வந்த படைத்தவரை ஆராதிக்கிறேன். 787இல் கூடிய இரண்டாம் நிசேயாச் சங்கம், கடவுளுக்கு மட்டும் உரிய ஆராதனையையும் உருவத்துக்குச் செய்யும் வணக்கத்தையும் பிரித்து வைத்தது. உருவத்துக்குக் காட்டும் மரியாதை அது யாருடைய உருவமோ அவரைப் போய்ச் சேரும் என்றது. தம்பியின் சபை அந்தச் சங்கத்தை ஏற்பதில்லை, அதைச் சொல்லி அவரை மடக்க முடியாது, மடக்கவும் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள், சண்டையாக அல்ல. அவருடைய பைபிள் கிழிந்தால் அதைக் காலடியில் போடுவாரா? போடமாட்டார். தெரியாமல் புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கம் நம் வீடுகளில் எல்லாச் சபைக்காரர்களுக்கும் இருக்கிறது. காகிதத்தை யாரும் ஆராதிக்கவில்லை, அது சுமக்கும் வார்த்தைக்குத்தான் அந்த மரியாதை என்று அவரே விளக்குவார். அம்மாவும் அதைத்தான் செய்தார் என்று அவருக்குப் புரிவதற்கு நேரம் எடுக்கலாம்.

தோழியின் கேள்வி என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. அவர் சொல்லும் தகவல் சரி. சிங்கப்பூரில் எரியக்கூடிய வீட்டுக் குப்பை எரி ஆலைக்குப் போகிறது, மிஞ்சும் சாம்பல் 1999 முதல் செமாகாவ் தீவு நிரப்பிடத்தில் சேர்கிறது. எரித்துப் புதைப்பது என்று பார்த்தால் குழாயில் போட்டதும் அந்தக் கதிக்குத்தான் வரும். இருந்தும் இரண்டும் ஒன்றல்ல என்று நினைக்கிறேன், ஏன் என்றும் சொல்கிறேன். அம்மாவின் உடலை மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோனீர்கள். அங்கேயும் நெருப்புதான். ஆனால் குளிப்பாட்டி, சேலை கட்டி, கையில் ஜெபமாலை சுற்றி, பின்னால் நடந்து போய், சாம்பலைக் கையில் வாங்கினீர்கள். நெருப்பு ஒன்றே என்பதால் அந்தக் காரியங்கள் வெறும் அலங்காரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பொருளுக்கும் அப்படித்தான், அளவில் ரொம்பச் சிறியது என்றாலும். பதினோராவது மாடியிலிருந்து மீன் செதிலோடும் முட்டைக் கூட்டோடும் சேர்ந்து கீழே விழுவதற்கும், துணியில் சுற்றிக் கையால் எடுத்துப் போய்க் கொடுப்பதற்கும் முடிவு ஒன்றாக இருக்கலாம். செய்கிறவருக்குள் நடப்பது வேறு. நாற்பது வருஷம் ஒருவர் ஜெபித்த ஜெபமாலையை அப்படி விழ விட்டவர், அடுத்த நாள் அந்த ஜெபத்தையே கொஞ்சம் இலேசாக நினைக்க ஆரம்பிப்பார். இது சட்டம் அல்ல, என் கருத்து.

அந்தக் கருத்து எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. சக்ரீஸ்து வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம், கோயில் கெபிக்கு (மாதா குகைக்கு) அருகில் யாரோ ஒரு அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரவு மழையில் நனைந்து ஊறிப்போயிருந்தது. உள்ளே பூஞ்சை பிடித்த ஒரு திருக்குடும்பப் படம், அறுந்த ஜெபமாலை, ஒரு பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசு). ஞாயிற்றுக்கிழமைக் காலை, அடுத்த பூசைக்கு அரை மணிதான் இருந்தது. மண்டபத்துக்குப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியில் பெட்டியோடு போட்டேன். செவ்வாய்க்கிழமை வயதான அம்மா ஒருவர் வந்து கேட்டார். முதியோர் இல்லத்துக்குப் போகிறார், அங்கே இடம் குறைவு, கோயிலில் மாதா காலடியில் வைத்தால் பத்திரமாக இருக்கும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். படத்தை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்துவிட்டதாம், அதை வாங்க வந்தார். நான் செய்ததைச் சொன்னேன். பரவாயில்லை தம்பி, தெரியாமல்தானே என்றார். அவர் பஸ் நிறுத்தம் வரை நடந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு அப்புறம் எந்தப் பெட்டி வந்தாலும் தேதி எழுதி, நாற்பது நாள் அலமாரியில் வைத்திருந்து, பிறகுதான் கை வைக்கிறேன். உங்களுக்கும் இதனால்தான் சொல்கிறேன்: இரவில் கெபியடியில் வைத்துவிட்டு வராதீர்கள். பகலில், பங்கு அலுவலகத்தில், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி நேரில் கொடுங்கள். எல்லாப் பங்கிலும் இதற்கு இடவசதி இருக்காது, முதலில் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன். குருத்தோலை சுலபம். தவக்காலம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்னால் பங்குக் கோயில்களில் பழைய குருத்தோலைகளைச் சேர்க்கப் பெட்டி வைப்பார்கள். அதை எரித்த சாம்பல்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசப்படுகிறது. அம்மா வைத்திருந்த ஓலை யாரோ முன்பின் தெரியாதவர்களின் நெற்றிக்குப் போகும், இதைவிட நல்ல முடிவு அதற்கு வேண்டாம். தீர்த்தத்தைச் செடித் தொட்டியில் ஊற்றுங்கள், கழிவுத் தொட்டியில் வேண்டாம். லூர்து தண்ணீர் 1858இல் பெர்னதெத் தோண்டிய ஊற்றிலிருந்து வருவது, அது தானாகவே மந்திரித்த தீர்த்தம் ஆகிவிடாது. இருந்தாலும் அம்மா அதை வேறுபடுத்தியிருக்கமாட்டார், நீங்களும் வேறுபடுத்தவேண்டாம். போத்தலை அலசிவிட்டு மறுசுழற்சியில் போடலாம். எண்ணெயைப் பஞ்சில் ஊற்றிக் கோயிலில் கொடுத்தால் எரித்துவிடுவோம். காலண்டர்கள் மந்திரித்தவை அல்ல, கல்யாணப் பத்திரிகையும் வாராந்தரச் செய்தி மடலும் அப்படித்தான். அவற்றை நீல மறுசுழற்சித் தொட்டியில் போடுவதில் பாவம் எதுவும் இல்லை. யூதர்களிடம் இறைவனின் பெயர் எழுதிய தாளை எறியக்கூடாது என்ற நெறி உண்டு. கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெபக்கூடத்தில் அப்படிச் சேர்த்து வைத்த தாள்கள் பல நூற்றாண்டுக் குவியலாகக் கிடைத்தன. நமக்கு அப்படிச் சட்டம் இல்லை. நான் மட்டும் படம் உள்பக்கம் வரும்படி மடித்துத்தான் போடுவேன்.

பைபிள்களை எரிக்க அவசரப்படாதீர்கள். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஓரங்களையும் பாருங்கள். நம் அம்மாக்கள் குழந்தை பிறந்த நேரம், ஞானஸ்நானத் தேதி, கப்பலேறிய நாள் எல்லாவற்றையும் அங்கேதான் எழுதினார்கள். ஜெபப் புத்தகங்களின் இடையில் இறந்தவர்களின் நினைவு அட்டைகள் இருக்கும். பழைய தமிழ் ஜெபப் புத்தகம் இங்கே அச்சானதாக இருந்தால், எரிக்கும் முன் தேசிய நூலகத்தில் காட்டிக் கேளுங்கள். நான் அருமை தெரியாமல் எரித்த கையெழுத்து நோட்டு ஒன்று இன்றும் மனசில் உறுத்துகிறது.

ஜெபமாலைகளைப் புதைக்கவே வேண்டாம், கொடுங்கள். தமிழ்ப் பூசைக்கு ஞாயிற்றுக்கிழமை வரும் வெளிநாட்டு ஊழியத் தம்பிகளைப் பார்த்திருப்பீர்கள். 1888இல் இருந்து தமிழர்களுக்கு வீடாக இருக்கும் ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தில் பூசை முடிந்து அவர்கள் கெபிக்கு முன்னால் நிற்பதைப் பாருங்கள். ஊரில் அம்மா கொடுத்தனுப்பிய ஜெபமாலை அறுந்துபோனவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். மந்திரித்த பொருளை இலவசமாகக் கொடுப்பதில் எந்தத் தடையும் இல்லை, மந்திரிப்பும் போகாது. விற்பது வேறு. மந்திரித்த ஜெபமாலையோடு சேர்ந்த பலன், அதாவது பாவத்துக்கான தண்டனையில் திருச்சபை தரும் குறைப்பு, அது விற்கப்பட்டால் நின்றுவிடும் என்பது திருச்சபையின் விதி. அதனால் வெள்ளி ஜெபமாலை என்று யாராவது விலை பேசினால் மறுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அம்மா அதிகம் உருட்டியதை. மணிகள் தேய்ந்து மங்கியிருக்கும், பார்த்தாலே தெரியும்.

நொறுங்கிப்போன சுரூபங்களை மண்ணில் சேர்ப்பது வழக்கம். ஆனால் நம்மிடம் மண் ஏது? வீவக புல்வெளியில் தோண்ட நமக்கு உரிமை இல்லை, வெட்டவெளியில் தீ மூட்டவும் இங்கே அனுமதி கிடையாது. சீனர்களின் ஏழாம் மாதத்தில் புளோக்குக் கீழே வைக்கும் எரிதொட்டியில் போடலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். அது அண்டை வீட்டுச் சீனக் குடும்பங்கள் தங்கள் முன்னோருக்குச் செய்யும் காரியத்துக்கானது. நம் பொருளுக்கு மரியாதை தேடிப் போய் அவர்கள் இடத்தின் மரியாதையைக் குலைக்கக்கூடாது. துணியில் சுற்றி, முகம் தெரியாதபடி சிறு துண்டுகளாக்கி, பெரிய பூந்தொட்டியின் அடியில் போட்டு மேலே மண் நிரப்பிச் செடி நடுங்கள். என் வீட்டு வராந்தாவில் அப்படி ஒரு துளசித் தொட்டி இருக்கிறது, அதன் அடியில் என் மாமியாரின் சூசையப்பர் இருக்கிறார்.

இதைக்கூட அசைக்கலாமா என்று சித்தி கேட்டால், பிடாடரி கல்லறையைப் பற்றிச் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். நம் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே அடக்கமானார்கள். 1972இல் அது மூடப்பட்டது, 2001க்கு அப்புறம் கல்லறைகள் தோண்டி எடுக்கப்பட்டன, இன்று அங்கே புது வீவக வீடுகள் நிற்கின்றன. இப்போது அடக்கம் செய்ய மிஞ்சியிருப்பது சுவா சூ காங் மட்டும், அங்கேயும் 15 வருஷம்தான். நம் குடும்பங்கள் எலும்பைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, ஜெபம் சொல்லி, அஸ்தி மாடத்துக்குக் கொண்டுபோனபோது யாருடைய விசுவாசமும் குறையவில்லை, யாருக்கும் சாமி குத்தமும் ஆகவில்லை. இந்த ஊரில் புனிதமானதை இடம் மாற்றத் தெரிந்தவர்கள் நாம்.

வீட்டை ஒப்படைக்கும் முந்தின நாள் சாயங்காலம் தம்பியையும் அவர் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். ஜெபமாலை சொல்லச் சொன்னால் தம்பி சங்கடப்படுவார், 23ஆம் சங்கீதம் வாசியுங்கள். அவர் “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” என்று அவருடைய பைபிளில் வாசிக்கட்டும், நீங்கள் “ஆண்டவரே என் ஆயர்” என்று அம்மாவின் பைபிளில் வாசியுங்கள். அப்புறம் அலமாரியை ஒவ்வொன்றாக இறக்குங்கள். தம்பி சுரூபத்தைத் தொட மறுத்தால் விட்டுவிடுங்கள், பெட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்தக் கை ஒட்டிய மாதாவைப் பற்றி மட்டும் நான் எரிக்கவும் சொல்லமாட்டேன், புதைக்கவும் சொல்லமாட்டேன். பசை எங்கே வழிந்திருக்கிறது, அம்மா எந்தப் பக்கமாகப் பிடித்து அழுத்தினார் என்று பாருங்கள். விரல் ரேகை காய்ந்து பதிந்திருக்கவும் கூடும். உங்கள் புது வீட்டில் வைக்க மனம் வரவில்லையென்றால் எனக்குச் சொல்லுங்கள், எங்கள் சக்ரீஸ்து அலமாரியில் நாற்பது நாள் என்ன, நீங்கள் வந்து கேட்கும் வரை வைத்திருக்கிறேன்.